ரொறன்ரோ: நீருக்குள் நின்ற மரங்களும் கடிக்காத மீன்களும்

"யாழ். மண்டைதீவைப் பிறப்பிடமாகவும் கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட..." இந்த வாசகத்தைப் படிக்காத ஈழத்தமிழர் இன்று உலகில் இருக்க முடியாது. பத்திரிகைத் தொழிலில் கழித்த ஆண்டுகளில் இத்தகைய மரண அறிவித்தல்களை ஆயிரக்கணக்கில் ஒப்புநோக்கித் திருத்தியிருக்கிறேன். பிறப்பிடத்தின் பெயரில் எழுத்துப்பிழை வந்துவிட்டால் மறுநாள் காலையில் தொலைபேசி அலறும். வதிவிடத்தின் பெயரை ரொறன்ரோ, ரொறொன்ரோ, டொராண்டோ என்று எப்படி எழுதினாலும் யாரும் கோபித்துக் கொண்டதில்லை. பிறந்த ஊரின் பெயருக்கு ஆளுக்கொரு காரணக்கதை சொல்லும் நம்மவர்கள், வாழும் ஊரின் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டதையும் நான் கண்டதில்லை.

அதன் பொருள் மீன்பிடியோடு தொடர்புடையது. தமிழர் கரையிலே பிறந்த எவருக்கும் அது சட்டென்று விளங்கக்கூடிய பொருள்.

"ரொறன்ரோ என்றால் மக்கள் கூடுமிடம்" என்றுதான் நெடுங்காலம் கனடியப் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதும் பல சுற்றுலாக் கைந்நூல்களில் இந்த விளக்கத்தைக் காணலாம். மொழியியலாளர் பலர் இன்று ஏற்றுக்கொள்வது வேறு விளக்கம். மோஹோக் மொழியில் 'த்கரொன்ரோ' என்றால் 'நீருக்குள் மரங்கள் நிற்கும் இடம்' என்று பொருள். இதைக் கேட்டதும் மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்ந்த காட்டை நினைத்துவிடக் கூடாது. அந்த மரங்கள் மனிதர் வெட்டிச் சீவி நீரின் அடியில் அறைந்த கழிகள். மீனை மறித்து வழிநடத்திப் பிடிப்பதற்காக நட்ட வேலி அது.

அந்த வேலி நின்ற இடம் இன்றைய ரொறன்ரோ நகரமன்று. நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தொலைவில், ஓறில்லியா என்ற சிற்றூரின் அருகே, சிம்கோ ஏரியையும் கூச்சிச்சிங் ஏரியையும் இணைக்கும் ஒடுக்கமான நீர்வழியில் அது நின்றது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் வரைந்த படங்களில் சிம்கோ ஏரிக்கே 'தரொன்ரோ ஏரி' என்ற பெயர் காணப்படுகிறது. பிரெஞ்சுக்காரர் அதற்கு வழங்கிய மற்றொரு பெயருக்கும் 'தட்டிகளின் ஏரி' என்றுதான் பொருள். பின்னர் அப்பெயர் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கியது. ஏரிக்குச் செல்லும் தரைவழிப் பாதைக்கு முதலில் ரொறன்ரோப் பாதை என்ற பெயர் வந்தது. பாதை முடியும் ஒன்ராறியோ ஏரிக்கரையில் 1750-51இல் பிரெஞ்சுக்காரர் கட்டிய சிறு கோட்டையையும் அப்பெயரால் அழைத்தார்கள். 1793இல் ஆங்கிலேய ஆளுநர் ஜோன் கிரேவ்ஸ் சிம்கோ அங்கே நகரை அமைத்து 'யோர்க்' எனப் பெயரிட்டார். 1834இல் நகரசபை அமைந்தபோது மக்கள் பழைய பெயரையே மீட்டெடுத்தார்கள். இப்படித்தான் ஒரு மீன்வேலியின் பெயர் ஒரு மாநகரத்தின் பெயராயிற்று.

சிம்கோ ஏரியின் இன்றைய பெயரும் அதே ஆளுநர் கொடுத்ததுதான். தமது பெயரை ஏரிக்குச் சூட்டிக்கொண்டார் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தந்தையின் நினைவாக வைத்த பெயர். தந்தை கப்டன் ஜோன் சிம்கோ 1759இல் கியூபெக் படையெடுப்பின்போது 'பெம்புரோக்' என்ற போர்க்கப்பலில் நோயுற்று இறந்தவர். பின்னாளில் உலகைச் சுற்றிப் புகழ்பெற்ற ஜேம்ஸ் குக் அந்தக் கப்பலில் அவரின் கீழ்தான் பணியாற்றினார். தந்தைக்குச் செய்த மரியாதையைக் குறை சொல்ல நான் யார்? இருந்தாலும், ஏரிக்குரிய பெயரை ஏரியிலிருந்து எடுத்தெறிந்ததனால்தான் இன்று இரண்டு பெயர்களுக்குமே பொருள் விளங்காமற் போயிற்று.

இந்தச் செய்திகளில் சிலவற்றை முன்னரே நூல்களில் படித்திருந்தேன். ஆனால் ஒரு முழுநாளும் மீன் கடிக்காத தூண்டிலோடு அந்த ஏரிக்கரையில் இருந்தபோதுதான் அவற்றின் கனம் எனக்கு உறைத்தது.

2023 யூலை மாதம் அக்கா குடும்பத்தாரைப் பார்க்க மார்க்கம் சென்றிருந்தேன். அக்காவும் அத்தானும், மருமக்கள் மூவரும், அவர்களின் துணைவர்களும் பிள்ளைகளுமாக நாங்கள் 14 பேர். ஒரு சனிக்கிழமை விடியுமுன்பே மூன்று வாகனங்களில் சிம்கோ ஏரியின் தென்கரையில் உள்ள சிபால்ட் முனைப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். வழியில் எரிபொருள் நிலையத்தில் மண்புழு வாங்கினோம். ஒரு டசின் மண்புழு, சிறு பிளாஸ்ரிக் கிண்ணத்தில், குளிர்பானப் பெட்டியின் பக்கத்தில்! புதிதாகக் குடியேறியவர்கள் பலர் இரவில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தென் ஒன்ராறியோவின் வயல்களில் பொறுக்கி எடுக்கும் புழுக்கள் இவை. ஊரில் வாழைக்கன்றின் அடியை மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினால் கிடைப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அத்தான் முணுமுணுத்தார்.

மீன்பிடிக்கவும் அங்கே அனுமதி வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதைத் தொட்ட கனடியவாசிகளுக்கும் விலக்குண்டு. எனவே அத்தானுக்குச் செலவில்லை. வெளிநாட்டவனாகிய எனக்கு வயது எவ்விதச் சலுகையும் தரவில்லை. ஒருநாள் அனுமதிப்பத்திரம் வாங்க நேர்ந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டபோது, ஊரில் போர்க்காலத்தில் கடலுக்குப் போகக் கொடுத்த 'பாஸ்' நினைவுக்கு வந்தது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மருமகன் போட்டியொன்றை ஏற்பாடு செய்திருந்தார். வட அமெரிக்காவில் மீன்பிடிப் போட்டியை 'டேர்பி' என்பார்கள். 1780இல் இங்கிலாந்தின் எப்சம் திடலில் டேர்பிப் பிரபு தொடக்கிவைத்த குதிரைப் பந்தயத்தின் பெயர், கடல் கடந்து மீனுக்கும் வந்துவிட்டது. ஓறில்லியாவில் வசந்தகாலத்தில் நடைபெறும் பேர்ச் மீன் விழா அந்த வட்டாரத்தில் பெயர்பெற்றது. அடையாளத் துண்டு பொருத்திய மீன்களை முன்கூட்டியே ஏரியில் விட்டு, அவற்றைப் பிடிப்பவர்களுக்குப் பரிசு கொடுப்பார்கள். எங்கள் டேர்பி அவ்வளவு பெரிதன்று. தலைக்கு 5 டொலர். தூண்டில் பிடிப்பவர்கள் 11 பேர். ஆக மொத்தம் 55 டொலர். முதல் மீனுக்கு 20, பெரிய மீனுக்கு 35. ஒருவருக்கு ஒரு தூண்டில்தான். மத்தியஸ்தர் அக்கா. ஏனென்றால், அன்று பிடிபடும் மீனைக்கொண்டு ஒடியற்கூழ் காய்ச்சுவதாக உறுதியளித்திருந்தவர் அவரே.

காலை ஆறரைக்குத் தங்கூசியை நீரில் இறக்கினோம். ஏழாயிற்று, எட்டாயிற்று. மிதப்பு அசையவில்லை. பக்கத்தில் முக்காலி போட்டிருந்த சீனக் குடும்பத்தாருக்கும் அதே கதை. சிறுவர்கள் மணிக்கொரு முறை புழுவை மாற்றினார்கள். பெரியவர்கள் இடத்தை மாற்றினார்கள். இளைய மருமகள் கைத்தொலைபேசியில் 'சிம்கோ ஏரியில் மீன் ஏன் கடிப்பதில்லை' என்று தேடத் தொடங்கினாள்.

காரணம் உண்டு. சிம்கோ 722 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள ஏரி. அதன் அதிக ஆழம் 41 மீற்றர். கோடையில் மேல்நீர் சூடேறிவிட, குளிர்நீரை நாடும் மீன்கள் கீழே இறங்கிவிடும். ஏரியின் தனிச்சொத்தான ஏரி ட்ரவுட்டும் வெண்மீனும் அத்தகையவை. ஆனால் கீழே உள்ள குளிர்நீரில் அவற்றுக்குப் போதிய பிராணவாயு இருக்க வேண்டுமே! சுற்றியுள்ள வயல்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வந்து சேர்ந்த பொஸ்பரஸ் பாசியை வளர்த்தது. பாசி செத்து அடியில் அழுகியபோது பிராணவாயு குறைந்தது. ட்ரவுட் இயல்பாக இனம்பெருக்க முடியாமல் போய், 1960களிலிருந்து குஞ்சு வளர்த்து ஏரியில் விட்டு இனத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தது. 2008இல் இந்த ஓர் ஏரிக்கென்றே ஒன்ராறியோ சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. ஆண்டுக்கு 44 தொன்னுக்கு மேல் பொஸ்பரஸ் சேரக் கூடாது என்பது அதன் வழிவந்த திட்டத்தின் இலக்கு.

போதாததற்கு, கப்பல்களின் அடித்தள நீரோடு கருங்கடல் பக்கத்திலிருந்து வந்த வரிச்சிப்பிகள் 1990களில் ஏரியை நிறைத்தன. அவை நீரை வடிகட்டித் தெளியவைத்தன. தெளிந்த நீர் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வெயில் அடிவரை இறங்கியது, களைகள் வளர்ந்தன, மீன்கள் கரையை விட்டு ஒதுங்கின. கண்ணாடி போன்ற நீரில், பட்டப்பகலில், கரையில் பதினொரு நிழல்கள் ஆடிக்கொண்டிருந்தால் எந்த மீன்தான் அருகே வரும்?

ஒன்பது மணி தாண்டியதும் ஒன்பது வயதுப் பேரன் கூச்சலிட்டான். தூண்டிலில் விரல் நீள மீன் ஒன்று. தவளை முகம், புடைத்த கண்கள். மருமகன் பார்த்தவுடனே தலையை ஆட்டினார். அது உருண்டைக் கோபி. சிப்பியைப் போலவே கருங்கடல் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த இனம். சிம்கோவில் கலக்கும் பெஃபர்லோ ஆற்றில் 2004இல் இதைக் கண்டுபிடித்தார்கள், மறு ஆண்டில் ஆற்றுக்கு நஞ்சிட்டு அழிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. பிடித்தால் மீண்டும் நீரில் விடக் கூடாது, கொன்றுவிட வேண்டும் என்பது அதிகாரிகளின் அறிவுறுத்தல்.

இது முதல் மீனா, இல்லையா என்பதில் பெரிய வழக்கு மூண்டது. வெளியிலிருந்து வந்த மீனைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார் மருமகன். பேரன் விடவில்லை.

"நாங்களும் வெளியிலை இருந்து வந்த ஆக்கள்தானே, மாமா?"

"நாங்கள் விசா எடுத்து வந்தனாங்கள், ராசா," என்றார் அத்தான்.

அத்தான் விசா எடுத்து வந்தவர் அல்லர் என்பது அங்கிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு அடங்கச் சில நிமிடங்கள் பிடித்தன. மத்தியஸ்தர் அக்கா 20 டொலரைப் பேரனிடமே கொடுத்துவிட்டார்.

எனினும், அவன் கேட்டது வெறும் வேடிக்கைக் கேள்வியன்று. அந்தத் தென்கரையிலேயே அதற்குக் கசப்பான வரலாறு இருக்கிறது. 2007இல் ஜோர்ஜினா வட்டாரத்தின் தோணித்துறைகளிலும் பாலங்களிலும் இரவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஆசிய வம்சாவளியினரைப் பின்னால் வந்து நீருக்குள் தள்ளிவிடுவதை உள்ளூர் இளைஞர் சிலர் பொழுதுபோக்காகவே நடத்தினர். அதற்கென்று ஓர் இழிபெயரும் வைத்திருந்தார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் அப்படித் தொடங்கிய கைகலப்பு, வாகனத் துரத்தலாகி, ஓர் இளைஞர் மூளையில் மீளாத பாதிப்புக்கு உள்ளாவதில் முடிந்தது. வழக்கில் ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். நவம்பரில் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு விசாரணை தொடங்கியது. மாகாணத்தின் வேறு பகுதிகளிலிருந்தும் இதுபோன்ற முறைப்பாடுகள் வந்தன. 'அச்சமின்றி மீன்பிடித்தல்' என்ற தலைப்பில் ஆணைக்குழு அறிக்கை வெளியிட்டது. மீன்பிடித்தல் என்ற சொல்லோடு அச்சம் என்ற சொல்லைச் சேர்த்துப் படிக்கும் நிலை கனடாவில் வந்ததைக் கண்டு அப்போது நான் வியந்தேன். அந்த ஆண்டுக்குப் பின்னர் தமது குடும்பம் இந்த ஏரிக்கு வந்தால் பகலில், கூட்டமாகத்தான் வரும் என்று மருமகன் மெதுவாகச் சொன்னார். 14 பேர் மூன்று வாகனங்களில் வந்ததன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அத்தான் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் மண்டைதீவில் பிறந்தவர். 1986 யூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட நாளில் அவர் ஊரில் இருந்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழ் அகதிகளைக் கனடிய மீனவர்கள் கண்டெடுத்துக் கரைசேர்த்தார்கள். கனடியத் தமிழர் வரலாறு என்று எழுதும் எவரும் அந்தப் படகுகளைத் தவிர்ப்பதில்லை. இரண்டு செய்திகளும் பத்திரிகைக்கு வந்தது இரண்டு மாத இடைவெளியில். இரண்டுமே மீன்பிடிக்கப் போனவர்களைப் பற்றியவை. அதன் பின் வந்த ஆண்டுகளில் வடக்கின் கடலில் கால்வைக்கவே அனுமதி வேண்டியதாயிற்று. பாஸ், நேரக்கட்டுப்பாடு, இயந்திரப் படகுக்குத் தடை, குறித்த தூரத்துக்கு அப்பால் போகத் தடை. பிடிப்பதற்கு மீன் இருந்தது; போவதற்குக் கடல் இருக்கவில்லை.

சிபால்ட் முனையிலிருந்து பார்த்தால் எதிரே பச்சைப் பசேலென்று ஒரு தீவு தெரியும். ஜோர்ஜினாத் தீவு. அது சிப்பேவா முதற்குடி மக்களின் தீவு. நாங்கள் தூண்டில் போட்ட நீர் அவர்களுடைய முன்னோரின் நீர். 1923இல் கனடிய அரசு அந்த மக்கள் உள்ளிட்ட ஏழு முதற்குடிகளோடு உடன்படிக்கைகள் செய்துகொண்டது. ஆணையாளர் ஒருவரின் பெயரால் அவை வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் எனப்படுகின்றன. பெருநிலப்பரப்பு கைமாறியது, தலைக்கு 25 டொலர் கொடுத்தார்கள். பத்திரத்தின் வாசகத்தில் வேட்டையாடும், மீன்பிடிக்கும் உரிமையும் அடங்கிப் போனது என்று அரசு வாதிட்டது. கனடாவில் மற்ற உடன்படிக்கைகள் பலவற்றில் இந்த உரிமைகளைக் காப்பாற்றி எழுதினார்கள். இங்கே மட்டும் இப்படி. தாங்கள் அந்த உரிமையை விற்கவில்லை என்று அந்த மக்கள் ஓயாது சொல்லிவந்தார்கள்.

1985இல் ஹியாவதா முதற்குடியைச் சேர்ந்த ஒருவர் ஒட்டனபி ஆற்றில் தடைக்காலத்தில் சில மீன்களைப் பிடித்ததற்காக வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று. 1994இல் வந்த தீர்ப்பு அவருக்கு எதிரானது. உரிமை 1923இலேயே கையளிக்கப்பட்டுவிட்டது என்பதே அதன் முடிவு. சில மீன்களுக்காக ஒன்பது ஆண்டு வழக்கு! 2018இல்தான் அரசு இறங்கிவந்தது. 111 கோடி டொலர் இழப்பீட்டோடு, அந்த மக்களின் பழைய உடன்படிக்கை நிலங்களில் வேட்டைக்கும் மீன்பிடிக்குமான உரிமையை ஏற்றுக்கொண்டது. நவம்பரில் ராமாவில் கூடிய மக்கள் முன்னிலையில் அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். நாங்கள் ஏரிக்குப் போன 2023, அந்த உடன்படிக்கைகளின் நூறாவது ஆண்டு.

ராமா என்ற ஊர்ப்பெயரைக் கண்டதும் இணையத்தில் நம்மவர்கள் சிலர் இராமாயணத்தைக் கனடாவுக்கு இழுத்துவரக் கூடும். அருள்கூர்ந்து வேண்டாம். அதற்கும் நம் இராமனுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ராமா மக்கள்தான் ஓறில்லியா நீரொடுக்கத்து மீன்வேலியின் காவலர்கள். அவர்கள் அங்கிருந்து ராமாவுக்குப் போனதே வேறொரு கதை. 1830இல் அரசு நீரொடுக்கத்திலும் கோல்ட்வோட்டரிலும் அவர்களைக் குடியமர்த்தியது. நிலத்தைத் திருத்தி வீடும் வயலுமாக்கிய பின்னர், 1836இல் அதையும் எழுதி வாங்கியது. தலைவர் மஸ்குவாக்கியின் மக்கள் 1838இல் தமது பணத்தைக் கொடுத்தே ராமாவில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். இந்த அநீதிக்கான வழக்கும் 2012இல்தான் 30 கோடி 70 இலட்சம் டொலர் இழப்பீட்டோடு தீர்ந்தது. இடப்பெயர்வு, மீள்குடியேற்றம், மறுபடியும் இடப்பெயர்வு. இந்தச் சொற்களை நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை.

டேர்பியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். பதினொரு மணிக்குப் பிறகு அத்தான் ஒரு மஞ்சட் பேர்ச் பிடித்தார். உள்ளங்கை நீளம். பிற்பகல் இரண்டு மணிவரை வேறொன்றும் இல்லை. 35 டொலரும் அவருக்கே போயிற்று. 11 தூண்டில், ஏழரை மணித்தியாலம், இரண்டு மீன். அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்காபரோக் கடையில் வாங்கிய நண்டையும் இறாலையும் மீன்தலையையும் பனிப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். கூழ் கொதித்தது. அந்த ஒற்றைப் பேர்ச்சும் மரியாதையோடு அதில் இறங்கியது. பக்கத்துச் சீனக் குடும்பத்தாருக்கும் கோப்பையில் கொடுத்தோம். உறைப்பில் அந்தப் பெரியவரின் கண் கலங்கியது. ஆனாலும் மறுகோப்பை கேட்டார்.

கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது நான் மீன்வேலியைப் பற்றிச் சொன்னேன். அதுவரை அதிகம் பேசாதிருந்த அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பண்ணைப் பாலத்தில் பயணம் செய்த எவரும் இருபுறமும் கண்டிருக்கும் காட்சிதான் அது. ஆழம் குறைந்த கடலில் வரிசை வரிசையாகக் கழிகள். கழிகளில் கட்டிய சிறகு வலை. சிறகுகள் மீனை வழிநடத்திக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கூடு. தூண்டிலுக்கு மீனின் பசி வேண்டும். இதற்கு வேண்டியதில்லை. நீர் எப்போது எந்தப் பக்கம் ஓடும், மீன் எந்த வழியால் வந்தே தீரும் என்ற அறிவு இருந்தால் போதும். மீன் கடிக்காத நாள் என்று ஒன்று அந்தத் தொழிலில் இல்லை.

"தண்ணிக்கை மரம் நிக்கிற இடம் எண்டால் அது எங்கட ஊரெல்லோ," என்றார் அத்தான். அடுத்த வாரமே அவரை அழைத்துக்கொண்டு ஓறில்லியாவுக்குப் போனேன்.

அங்குள்ள மக்கள் அந்த இடத்தை ம்ஞிகானிங் என்கிறார்கள். மீன்வேலி இருக்கும் இடம் என்று பொருள். 1970களில் ரிச்சர்ட் ஜோன்ஸ்ரன், கென்னத் கசவோய் என்ற தொல்லியலாளர்கள் சுழியோடி அடிநிலத்தை ஆராய்ந்தார்கள். நீரின் அடியில், சேற்றில் புதைந்து, காற்றுப்படாததால் உக்காமல் கிடந்த மரக்கழிகளைக் கண்டார்கள். கரிமக் காலக்கணிப்பின்படி மிகப் பழையவை ஏறக்குறைய 5000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. எகிப்தின் கிசாவில் பிரமிட்டு எழுவதற்கு முன்பே இங்கே கழி நட்டுவிட்டார்கள். கழி உக்க உக்கப் புதிய கழி நட்டு, தலைமுறை தலைமுறையாகப் பேணியிருக்கிறார்கள். வெண்டாட் மக்கள் இருந்த காலத்தில் அவர்களும், பின்னர் அனிஷினாபே மக்களும் அதைக் காத்தார்கள். 1982இல் கனடா இதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது.

இதைப் பற்றி எழுதிய முதல் ஐரோப்பியர் சாமுவேல் டி சம்பிளெய்ன். 1615 செப்டெம்பரில் வெண்டாட் வீரர்களோடு போருக்குப் போகும் வழியில் இந்த நீரொடுக்கத்தில் தங்கினார். நீரோட்டத்தைக் கழிகளால் ஏறக்குறைய முழுவதும் மறித்து, சிறு வாயில்கள் மட்டும் விட்டு, அவ்வாயில்களில் வலை வைத்துப் பெருந்தொகையான மீன் பிடித்ததை அவர் குறித்துவைத்தார். ஓறில்லியாப் பூங்காவில் 1925இல் அவருக்குப் பெரிய நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பீடத்தில் முதற்குடி மக்கள் அவரின் கீழே அமர்ந்திருக்கும்படி சிலை வடித்திருந்தார்கள். 2017இல் திருத்த வேலைக்காக அதை அகற்றியபோது, அந்த உருவங்களைத் திரும்ப வைப்பதா என்ற விவாதம் எழுந்தது. வேலியைக் கட்டியவர்களுக்குச் சிலையில்லை. பார்த்து எழுதியவருக்குத்தான் சிலை. எழுதுகிற தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அது மகிழ்ச்சி தரவில்லை.

வேலியின் பெரும்பகுதி இன்று இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கப்பல் போக்குவரத்துக்காக நீரொடுக்கத்தைத் தோண்டி ஆழமாக்கினார்கள். ட்ரென்ற் - செவேர்ன் நீர்வழி 1920இல் முழுமையாகத் திறந்தது. அதன் பாதை இந்த நீரொடுக்கத்தினூடாகவே செல்கிறது. 12ஆம் இலக்க நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழே விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக அலையெழுப்பிக்கொண்டு சென்றன. எஞ்சிய கழிகள் எங்கோ அந்த அலைகளுக்கு அடியில், சேற்றுக்குள். மேலிருந்து பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. விளக்கப் பலகையைப் படிக்காமற் போனால், இரண்டு ஏரிகளுக்கு இடையே ஒரு பாலம், அவ்வளவுதான்.

அத்தான் பலகையைப் படிக்கவில்லை. கரையோரமாக நடந்து, குனிந்து, ஒரு சுள்ளியை ஒடித்து நீரில் போட்டார். அது வடக்கே, கூச்சிச்சிங் பக்கமாக மெல்ல நகர்ந்தது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் கையை நீட்டி எதிர்க்கரையிலிருந்து சாய்வாக ஒரு கோடு காட்டினார்.

"சிறகு அங்கையிருந்துதான் வந்திருக்கும். வாசல் இஞ்சை," என்றார்.